பரிசும் சுவரும்

ஓவியப் போட்டி ஒன்றை நடத்தி, எல்லா நிலையினரும் கலந்துகொள்ளலாம் என அறிவித்து, முடிவில் கண்காட்சியும் வைக்கும் புரவலரைப் பாராட்ட நாம் தயங்குவதில்லை. ஆனால் அவர் தரும் பொருள் எதற்குச் செலவாகிறது என்று கேட்பவர் நம்மிடையே மிகச் சிலரே. ஒரு போட்டியின் தகுதியை முதற்பரிசின் தொகையைக் கொண்டு அளக்கிறோம். வென்றவர் மூவர் பெயர் ஏட்டில் வருகிறது. ஏனையோர் என்னவாயினர்? இக்கட்டுரையின் கேள்வி அதுவே.

நமக்கு அண்மையில் உள்ள பெரிய சான்று, யுனைட்டட் ஓவர்சீஸ் வங்கி 1982-இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'ஆண்டின் சிறந்த ஓவியம்' போட்டியாகும். முதலாண்டுப் பரிசு கோ பெங் குவான் என்பாருக்குக் கிட்டியது. அவர் நியூயார்க்கில் ஓவியம் பயின்று திரும்பியவர். கன்னி முயற்சியாளர் அல்லர். 2011 முதல் இப்போட்டி மலேசியாவிலும் நடைபெறுகிறது. தேர்ச்சி பெற்ற ஓவியர்க்கு ஒரு பிரிவு, வளரும் ஓவியர்க்கு வேறொரு பிரிவு என இரண்டாக வகுத்திருப்பது இதன் சிறப்பு. முப்பது ஆண்டுகள் தூரிகை பிடித்தவரோடு, சென்ற ஆண்டு பிடித்தவரை ஒரே தராசில் நிறுத்துவது அறமன்று. அவ்வகையில் இவ்வமைப்பை வரவேற்கிறேன்.

ஆயினும் யார் யாரோடு போட்டியிடுவது என்ற சிக்கலைத்தான் பிரிவுமுறை தீர்க்கிறது. தோற்றவர்க்கு என்ன கிடைக்கும் என்பது அப்படியே நிற்கிறது. பொதுவாக இத்தகைய போட்டிகளில், தேர்வாகாத ஓவியனுக்கு வருவது ஒரு வரி அறிவிப்பு, அதுவும் வந்தால். மாணவன் எழுதிய கட்டுரையில் எண்ணை மட்டும் இட்டுத் திருப்பித் தந்தால் அவன் ஒன்றும் கற்பதில்லை என்பதை ஆசிரியப் பயிற்சியின் முதலாண்டிலேயே நமக்குச் சொல்லித் தந்தார்கள். எண்ணும் இல்லாமல் திருப்பினால்? மேலும், இக்காலத்தில் பல போட்டிகளில் முதற்சல்லடை நிழற்படத்தைக் கொண்டே நடக்கிறது. வண்ணத்தின் தடிப்பும், துணியின் சொரசொரப்பும், ஓவியத்தின் உண்மையான அளவும் கைப்பேசித் திரையில் அகப்படுமா? நல்ல நிழற்படக் கருவி வைத்திருப்பவனுக்கு அங்கேயே ஒரு முந்துரிமை கிடைத்துவிடுகிறது.

நடுவர் தள்ளியவற்றைப் பொதுமக்கள் காணட்டும் என்று ஒருமுறை ஓர் அரசரே கட்டளையிட்டார். 1863-இல் பாரிஸ் நகரின் அரசுக் கண்காட்சிக்கு வந்த ஏறத்தாழ 5,000 படைப்புகளில் பாதிக்கு மேல் ஒதுக்கப்பட்டன. கூக்குரல் எழவே, மூன்றாம் நெப்போலியன் ஒதுக்கப்பட்டவற்றுக்கெனத் தனிக் கண்காட்சி வைக்கச் செய்தார். மானே வரைந்த புல்வெளி விருந்து ஓவியம் அங்கேதான் தொங்கியது, மக்கள் நகைத்தார்கள். நகைப்புக்கு அஞ்சிப் பலர் தம் ஓவியங்களை முன்னரே திரும்பப் பெற்றுக்கொண்டதும் உண்டு. 'தள்ளுபடி' என்ற பெயர்ப்பலகையின் கீழ் நிற்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆதலின் தோற்றவர்க்குத் தனிக்கூடம் அமைப்பதை விட, ஒரே சுவரில் அனைவரையும் கலந்து தொங்கவிடுவதே மேல். இலண்டன் ராயல் அகாடமி 1769 முதல் ஆண்டு தவறாது நடத்திவரும் கோடைக் கண்காட்சிக்கு எவரும் கட்டணம் செலுத்திப் படைப்பை அனுப்பலாம். அங்கும் சல்லடை கடுமைதான். எனினும் தேர்வாகிவிட்டால், பெயரறியாதவன் ஓவியம் அகாடமி உறுப்பினர் ஓவியத்துக்குப் பக்கத்திலேயே தொங்கும்.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஆடித் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். இது கனிந்த கலைக்கு வேந்தன் அளித்த பரிசு. போட்டி என்றாலே நம்மவர் நினைவுக்கு இந்த அரங்கேற்றக் காட்சிதான் வருகிறது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலையும் நினைவுகூர வேண்டும். திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தில் இரதி, காமன், அகலிகை, கவுதமன் ஆகியோரின் ஓவியங்களைக் கண்டவர்கள் சுட்டிக்காட்டி இது யார் என வினவ, அறிந்தவர்கள் விளக்குகின்றனர். அங்கே பரிசு இல்லை. சுவர் இருக்கிறது, சுவர்முன் சொல் இருக்கிறது. திறந்த போட்டிக்குப் பொருள் தருவோர் பின்பற்றத் தக்கது இந்த மண்டபமே என்பது என் துணிபு.

பாயான் பாருவில் இதைச் செய்ய இயலும். 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரத்தின் ஆலைகள் பக்கத்தில் இருக்கின்றன. பொருள் தரத் தக்கவர் உண்டு. முதற்பரிசைப் பாதியாகக் குறைத்து, மிச்சத்தைக் கூடத்துக்கும் சட்டத்துக்கும் செலவிடலாம். சட்டமிடப் பணம் இன்மையால் வீட்டு அலமாரியில் சுருண்டு கிடக்கும் ஓவியங்கள் எத்தனை! கண்காட்சி மாலை ஐந்து மணிக்கு மூடினால், ஷிப்டு வேலைக்குப் போகும் தாய் தன் மகளின் ஓவியத்தைக் காணமாட்டாள். இரவு பத்து வரை திறந்திருக்கட்டும். தீபாவளிக்கு அங்காடி முகப்பில் வண்ண அரிசிக் கோலம் இடும் பெண்டிரும் எல்லா நிலையினருள் அடங்குவரா என்பதையும் விதிகளில் தெளிவாக எழுதட்டும். (அடங்குவர் என்பதே என் வாதம். விதி எழுதுவோர் சட்டமிட்ட துணியை மட்டுமே ஓவியமாக எண்ணுவது வழக்கமாகிவிட்டது.)

சொல்லுக்கு நாம் பொறுப்பேற்கலாம். அழகன்குளத்தில் 1943-இல் பிறந்து பினாங்கில் வளர்ந்து சென்னையில் ஓவியம் பயின்ற சையத் தாஜுதீன், அனுமன் சீதையைக் காணும் இராமாயணக் காட்சியைப் பெரிய அளவில் தீட்டினார். அது தேசிய ஓவியக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. கம்பனை ஆண்டுதோறும் நடத்தும் தமிழாசிரியருள் அதைக் கண்டவர் எத்தனை பேர்? காட்சிக் கலைக் கல்விக்கெனப் பாடவேளை ஒதுக்கியிருந்தும், தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அதுதான்.

ஒவ்வொரு படைப்புக்கும் நான்கு வரி, தேர்வாகாதவற்றுக்கும்தான், எழுதித் தருவதென ஆசிரியர் சிலர் ஓவியரோடு கூடி முன்வந்தால் புரவலர் மறுக்கமாட்டார். எந்த இடத்தில் நிழல் பொய்த்தது, எந்த மூலை வீணாயிற்று, எது நெஞ்சைத் தொட்டது என அவ்வரிகள் சொல்ல வேண்டும். போட்டியின் விண்ணப்பத் தாளும் தமிழில் அச்சாகித் தோட்டப்பள்ளிகளுக்கு வந்து சேர வேண்டும். போட்டி முடிந்த பின்னர் அன்று, மூன்று திங்கள் முன்னரே.