புதுச்சேரிப் பதிப்புகளும் விளக்க மொழியும்

ஆய்வு நூலின் தகுதி அது எய்தும் முடிவால் மட்டும் அமைவதன்று. அம்முடிவைப் பிறர் சரிபார்க்க இயல வேண்டும். பாடவேறுபாடு, சுவடிக் குறிப்பு, சொல்லடைவு ஆகியன அதற்குரிய கருவிகள். 1955இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும், அதனோடு இணைந்து பணியாற்றிவரும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியும் வெளியிட்ட தமிழ் நூல்களை இவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடலாம்.

நிறுவன வரிசையின் முதல் நூல் காரைக்கால் அம்மையார் பாடல்களின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் கூடிய பதிப்பு (1956). உ.வே. சாமிநாதையர் 1918இல் அச்சேற்றிய பரிபாடலைப் பிரான்சுவா குரோ 1968இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடும் ஆய்வுரையோடும் வெளியிட்டார். மூலம் தமிழில் இருந்தும் வாதம் பிரெஞ்சில் அமைந்தமையால், தமிழ்வழி ஆய்வாளர் அதனை ஏற்கவோ மறுக்கவோ இயலாதவராயினர். குரோவின் தமிழிலக்கியக் கட்டுரைகளின் தொகுப்பு ஆங்கிலத்தில் வெளிவந்ததே 2009இல்தான்.

பின்னாளில் நிலை ஓரளவு மாறியது. தி.வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம் (1984, 1985) தமிழ்ப் புலமை மரபும் பிரெஞ்சு ஆய்வு முறையும் இணைந்ததன் பயன். 2007இல் வந்த அதன் மின்பதிப்பு முழுச் சொல்லடைவையும், வி.மு. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில உரையையும் கொண்டது. ஏவா வில்டனின் நற்றிணைச் செம்பதிப்பு (2008) சென்னைத் தமிழ்மண் பதிப்பகத்துடன் இணைந்து வெளியிடப்பெற்றது. மூலம், பாடவேறுபாடு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றோடு சொல்லடைவு தனித் தொகுதியாக அமைந்தது. கூட்டு வெளியீடு நூலைத் தமிழ்நாட்டுப் பதிப்புலகிற்குள் கொணர்ந்தது எனினும், பாடத்தேர்வின் காரணங்களை விளக்கும் மொழி ஆங்கிலமாகவே நீடித்தது.

பன்னாட்டு ஆய்வாளரைச் சென்றடைய அயல்மொழி தேவை என்பது நியாயமே. ஆயினும் ஒன்றை ஏற்க மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) சொற்பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருசேரத் தந்தது. அதனால் இருவகை ஆய்வாளரும் ஒரே நூலைச் சான்று காட்ட முடிந்தது.

பிள்ளைச்சாவடியை அடுத்த காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத் தமிழியற்புலம் இயங்குகிறது. அங்குத் தமிழில் ஆய்வேடு எழுதுவோர், தம் நகரிலேயே உருவான செம்பதிப்பின் மூலத்தை மட்டும் மேற்கோள் காட்டி, அம்மூலம் அவ்வாறு நிறுவப்பட்டதன் காரணத்தை ஆராயாது விட நேர்ந்தால், செம்பதிப்பும் பிற அச்சுப்பதிப்புகளைப் போன்றே பயன்படும். எனவே இனிவரும் பதிப்புகளில் முன்னுரையும் பாடத்தேர்வுக் குறிப்புகளும் தமிழிலும் இடம்பெறுதல் வேண்டும்; பரிபாடல் ஆய்வுரையின் தமிழாக்கத்திலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.