வாய் சொல்லாததைக் கை சொல்லும்

ஓஹையோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில் ஸ்ட்ராபெரி பறிக்கும் கூலியாள் ஒருவர் ஒரே நாளில் 140 குவார்ட் பழம் பறித்துவிடுகிறார். புதிதாக எழும்பிய வங்கிக்காரர் வீட்டையும், கிளீவ்லாந்துப் பந்தயத்தில் ஜெயித்த குதிரையையும் போல அவருடைய கைகளையும் ஊர் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அவரோ அந்தக் கைகளைச் சட்டைப் பைக்குள்ளும் முதுகுக்குப் பின்னாலும் ஒளித்துக்கொண்டு நடமாடுகிறார். 1919-இல் வெளிவந்த ஷெர்வுட் ஆண்டர்சனின் ‘வைன்ஸ்பர்க், ஓஹையோ’ நூலில் வரும் விங் பிடில்பாம்தான் அவர். கதையின் பெயரே ‘கைகள்’.

முன்பு அவர் பென்சில்வேனியாவில் பள்ளி ஆசிரியர். பாடம் சொல்லும்போது பிள்ளைகளின் தோளைத் தடவுவார், தலையைக் கோதுவார். ஒரு சிறுவன் கனவில் கண்டதையெல்லாம் நடந்ததாகச் சொல்லப்போக, ஊர் திரண்டு அவரை அடித்து விரட்டுகிறது. ஓடிவரும் வழியில் ஒரு சரக்குப் பெட்டியில் பார்த்த பெயரைத் தனக்கு வைத்துக்கொள்கிறார். என்ன தப்பு நடந்தது என்று இருபது ஆண்டு கழித்தும் அவருக்குப் புரியவில்லை. குற்றம் கைகளுடையது என்று மட்டும் நினைக்கிறார். வயது நாற்பதுதான், பார்த்தால் அறுபத்தைந்து சொல்லலாம். கடைசியில் விளக்கு வெளிச்சத்தில் மண்டியிட்டு, தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போடுகிறார். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தைத் தாண்ட எனக்குச் சற்று நேரம் பிடிக்கிறது.

அமெரிக்கச் செவ்வியல் புனைகதை என்றதும் சுதந்திரம், நெடும்பயணம், தனிமனிதன் என்று பேசிப் பழகிவிட்டோம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கதைகளின் மனிதர்கள் என் மனத்தில் முகங்களாக அல்ல, கைகளாகவே தங்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பண்ணையாளையும் மாலுமியையும் ‘கை’ என்ற சொல்லாலேயே குறிப்பதுண்டு. நாம் ‘ஆள்’ என்கிறோம். சொல்லளவிலாவது அதில் முழு மனிதன் இருக்கிறான். வேலைக்கு வேண்டியது கை மட்டும்தான் என்றால், கையைச் சுமந்து வந்த மனிதனை எங்கே வைப்பது? இந்த எழுத்தாளர்கள் திரும்பத் திரும்ப மோதுவது இந்தக் கேள்வியோடுதான்.

ஸ்டைன்பெக்கின் ‘எலிகளும் மனிதர்களும்’ (1937) குறுநாவலில் இது நேரடியாகவே வருகிறது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு, தானியம் அறுக்கும் காலம். கிழவர் கேண்டிக்குப் பண்ணை இயந்திரத்தில் வலது கை போய்விட்டது. ஈடாகக் கிடைத்தது 250 டாலரும் ஆட்கள் தங்கும் கொட்டகையைப் பெருக்கும் வேலையும். பெருக்கவும் முடியாமல் போனால் வெளியே தள்ளிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ‘கைவிடுதல்’ என்ற நம் சொல் எனக்கு முழுதாக விளங்கியது இவரைப் படித்தபோதுதான். பண்ணைக்கு வந்த கூலியாட்கள் ஜார்ஜும் லென்னியும் 600 டாலருக்கு ஒரு துண்டு நிலம் வாங்கக் கனவு காண்கிறார்கள். அதில் ஓரமாய் ஓர் இடம் கேட்டு, இழந்த கைக்குக் கிடைத்த பணத்தைத்தான் கேண்டி முன்வைக்கிறார். லென்னியின் கையோ வேறு விதம். மென்மையான எதையும் தடவிப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. எலி, நாய்க்குட்டி, பிறகு ஒரு பெண்ணின் கூந்தல். தன் பலம் எவ்வளவு என்று தெரியாத அன்பு, தொட்டதையெல்லாம் கொன்றுவிடுகிறது. வம்புக்கு வந்த முதலாளி மகன் கர்லியின் கையை லென்னி நொறுக்கும்போது, இயந்திரத்தில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லும்படி கர்லியிடம் சொல்கிறார்கள். அந்தப் பண்ணையில் யாரும் மறுகேள்வி கேட்காத காரணம் அது.

இது இருபதாம் நூற்றாண்டில் தொடங்கியதல்ல. ஹாதோர்னின் ‘செந்நிற எழுத்து’ (1850) நாவலில், பாஸ்டன் ஊரார் ஒதுக்கிவைத்த ஹெஸ்டர் பிரின் ஊசியை நம்பிப் பிழைக்கிறாள். ஆளுநரின் கழுத்துப்பட்டி, குழந்தைத் துணி, சவத்துணி எல்லாம் அவள் கைவேலை. மணப்பெண்ணின் முகத்திரைக்கு மட்டும் அவளைக் கூப்பிடுவதில்லை. மெல்வில் கைவேலையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவர். ‘மோபி டிக்’ (1851) நாவலில் திமிங்கில மெழுகுக் கட்டிகளைப் பிசையும் இஸ்மவேல், கூடப் பிசைபவர்களின் விரல்களையும் அறியாமலே சேர்த்துப் பிசைந்து அன்பில் கரைந்துபோகிறான். இரண்டே ஆண்டுகளில் அதே மெல்வில் எழுதியது ‘பார்ட்டில்பி’. வால் ஸ்ட்ரீட் வழக்கறிஞர் அலுவலகத்தில் நூறு சொல்லுக்கு நான்கு சென்ட் கூலியில் பத்திரங்களைப் பிரதியெடுக்கும் எழுத்தர், ஒருநாள் கையை நிறுத்திவிடுகிறார். கோபமும் இல்லை, காரணமும் சொல்வதில்லை. வேலைநிறுத்தம் என்று ஒருவரும் பெயர் வைக்காத வேலைநிறுத்தம் அது.

பெண்களின் கைகளைப் பற்றி எழுதியவர்களில் சூசன் கிளாஸ்பெல்லையே நான் முதலில் வைப்பேன். இளம் வயதில் அயோவாவில் செய்தியாளராக இருந்தபோது, 1900-இல் ஒரு விவசாயி கொலையுண்ட வழக்கைப் பற்றி எழுதியவர். அதை 1916-இல் நாடகமாக்கி, மறு ஆண்டு சிறுகதையாகவும் எழுதினார். கதையில், கணவனைக் கொன்றதாக மின்னி என்பவள் சிறையில் இருக்கிறாள். ஷெரீப்பும் அரசு வழக்கறிஞரும் மாடியிலும் தொழுவத்திலும் தடயம் தேடுகிறார்கள். அடுக்களையில் காத்திருக்கும் இரு பெண்களின் கண்ணில், துண்டுத் துணிகளை இணைத்து மின்னி தைத்துக்கொண்டிருந்த போர்வை படுகிறது. தையல் எல்லாம் ஒரே சீர். ஒரு துண்டில் மட்டும் நூல் தாறுமாறாக ஓடியிருக்கிறது. அவ்விருவரில் ஒருத்தியான திருமதி ஹேல் ஒன்றும் பேசாமல் அந்தத் தையலைப் பிரிக்கிறாள். ஊசியில் நூல் கோத்துச் சீராகத் தைக்கத் தொடங்குகிறாள். சாட்சியம் அழிகிறது. கூடவே, பக்கத்தில் இருந்தும் எட்டிப் பார்க்காத இத்தனை ஆண்டுகளுக்கான வருத்தத்தையும் அவள் கை அதில் தைக்கிறது. கழுத்து திருகப்பட்ட பாட்டுக் குருவி பெட்டியிலிருந்து கிடைப்பது பிறகுதான். அதற்கு முன்பே, கோணிப்போன அந்தத் தையலில் மின்னியின் நடுக்கத்தை அவர்கள் படித்துவிட்டார்கள்.

ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1926-இல் எழுதிய ‘வியர்வை’யையும் இதனுடன் சேர்த்துப் படிக்கவேண்டும். ஃபுளோரிடாவில் வெள்ளைக்காரர் துணிகளை வெளுத்துக் கணவனுக்கும் சோறு போடும் டீலியாவின் கைமுட்டிகளை ஹர்ஸ்டன் அழகுபடுத்தவே இல்லை. காய்த்துப்போனதைக் காய்த்துப்போனதாகவே காட்டுகிறார்.

வேலை செய்யும் கை மட்டுமல்ல, முடிவெடுக்கும் கையும் உண்டு. மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ அமெரிக்காவில் 1885-இல் வெளிவந்தது. தப்பியோடிய அடிமை ஜிம் எங்கே இருக்கிறான் என்று உடைமைக்காரிக்குத் தெரிவித்துவிடுவதே தர்மம் என்று சிறுவன் ஹக் நம்புகிறான். அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். கடிதத்தையும் எழுதிவிட்டான், மனம் லேசாகிவிட்டது. அப்போது ஆற்றில் கழிந்த இரவுகள் நினைவுக்கு வருகின்றன. தன் முறைக் காவல் முடிந்தும் ஜிம் ஹக்கை எழுப்பமாட்டான். பையன் தூங்கட்டும் என்று அவனுடைய முறையையும் சேர்த்துத் தானே பார்த்துக்கொள்வான். செல்லமாய்க் கூப்பிடுவான், சீராட்டுவான். ஹக் கடிதத்தைக் கையில் எடுக்கிறான். கை நடுங்குகிறது. நரகம்தான் கிடைக்கும் என்று முழுதாக நம்பிக்கொண்டே அதைக் கிழித்துப்போடுகிறான்.