மலைபடுகடாம் காட்டும் வழி

பத்துப்பாட்டினுள் இறுதியாக நிற்பது மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்னும் புலவர், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாடிய இப்பாட்டு 583 அடிகளால் ஆயது. கூத்தராற்றுப்படை என்பது இதற்குரிய மற்றொரு பெயர். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையால் வாடி எதிரே வரும் கூத்தர் கூட்டத்தின் தலைவனுக்கு, வள்ளலிடம் செல்லும் வழியை எடுத்துக் கூறுதலே இதன் பொருள். மலையை யானையாகவும், அதன்கண் எழும் பல்வகை ஓசையை அவ்யானையின் மதமாகவும் கருதியமையால் மலைபடுகடாம் என்னும் பெயர் அமைந்தது என்பர்.

வகுப்பறைகளில் இப்பாட்டு இருவகையாகவே பெரிதும் கற்பிக்கப்பட்டு வருகின்றது. குறிஞ்சி நில வருணனைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை என்று கூறுவது ஒருவகை. நன்னனது கொடைச் சிறப்பைக் கூறுவதே இதன் நோக்கம் என்று முடிப்பது மற்றொரு வகை. இவ்விரண்டும் பிழை எனல் ஆகாது. ஆயினும் பாட்டின் உயிர்நிலை இவ்விரண்டின்பாலும் அடங்கவில்லை. இஃது ஒரு வழிநூல். சுமையோடு பல நாள் நடக்க வேண்டிய மாந்தருக்கு, அவ்வழியே நடந்து மீண்ட ஒருவன் சொல்லும் சொல். வருணனையும் புகழும் அச்சொல்லினுள் அடங்கி நிற்பன. இவ்வாறு நோக்கும்போதே பாட்டின் பல பகுதிகள் தத்தம் இடத்தில் பொருந்தி விளங்குகின்றன.

நடைவழியின் அருமையை அறிந்தார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். கிழக்கிலங்கையில் அம்பாறைக் கரையோரத்து மக்கள் அத்தகையோர். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை செல்லும் நடையாத்திரை இக்கரையோரத்தின் வழியாகவே நடைபெறுகின்றது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில், பாணமை என ஊர்கள் நிரல்பட நிற்கும். இந்து ஊர் முடியும் இடத்தில் முஸ்லிம் ஊர் தொடங்கும். அது முடியும் இடத்தில் மீண்டும் இந்து ஊர் தொடங்கும். உகந்தை முருகன் கோயிலுக்கு அப்பால் ஊர் இல்லை. குமணை, யால ஆகிய காடுகளும், கும்புக்கன் ஆறும், மாணிக்க கங்கையுமே உள்ளன. யானையும் கரடியும் திரியும் அவ்வழியில், முன்னர் நடந்தவர் சொல்லே பின்னர் வருவோர்க்குத் துணை. எங்கே நீர் கிடைக்கும், எவ்விடத்தில் இரவு தங்கலாம், எப்பொழுது புறப்படலாகாது என்பவற்றை முதியோர் கூற, இளையோர் கேட்டு நடப்பர். ஒருவரையொருவர் சாமி என்றே அழைப்பர். இங்ஙனம் முதியோர் கூறும் சொற்களோடு மலைபடுகடாத்தின் கூற்றை ஒப்பிட்டுக் காண்போர், நூற்றாண்டுகள் பல கடந்தும் ஒரே குரல் ஒலிப்பதை உணர்வர்.

பாட்டின் தொடக்கத்தை நோக்குக. கூத்தர் கொண்டு செல்லும் இசைக்கருவிகள் ஒவ்வொன்றாகப் பெயர் கூறப்படுகின்றன. அவை பைகளில் இட்டுக் கட்டப்பட்டுப் பலாக்காய்க் குலைகள்போல் தோளில் தொங்குகின்றன. காரைதீவிற் பிறந்து, 1947ஆம் ஆண்டில் யாழ் நூலை அரங்கேற்றிய சுவாமி விபுலானந்தர் போன்ற இசைத்தமிழ் ஆய்வாளர்க்குச் சங்கப் பாடல்களில் வரும் இத்தகைய கருவிப் பெயர்கள் பெருஞ்செல்வமாகும். ஆயின், பாட்டினுள் அவை முதற்கண் சுமைகளாகவே வருகின்றன. அடுத்து விறலியரின் பாதங்கள் கூறப்படுகின்றன. பரற்கற்களில் நடந்து சிவந்து மெலிந்த அப்பாதங்கள், ஓடி இளைத்த நாயின் நாவுக்கு உவமிக்கப்படுகின்றன. இவ்வுவமை அழகு நோக்கி வந்ததன்று. நெடுந்தொலை நடந்த பாதத்தை அருகிருந்து கண்டவனுக்கன்றி இது தோன்றாது. தோளின் சுமையையும் காலின் நோவையும் முதலிற் கூறிவிட்டே புலவர் வழியைக் கூறத் தொடங்குகின்றார்.

வழியின் ஏதங்களைக் கூறும் பகுதியே இப்பாட்டின் தனிச் சிறப்பு. பன்றிகளைப் பிடிக்கக் கானவர் வைத்த கற்பொறிகள் வழியிடை உள. ஆதலின் பொழுது புலர்ந்தபின் செல்க என்கின்றான் வழிகூறுவோன். பாம்புகள் குழிகளில் மறைந்திருக்கும் இடமும், தினைப்புனங் காப்போர் யானையை வெருட்ட எறியும் கவண்கல் மரங்களிற் பட்டுத் தெறித்து வரும் இடமும் குறிக்கப்படுகின்றன. கல் வருங்கால் மரத்தின் பின் ஒதுங்குக என்பது அறிவுரை. வழுக்கும் நீர்க்கரைகளில் கொடிகளைப் பற்றிக்கொண்டு இறங்குக. மரம்போல் கிடக்கும் மலைப்பாம்பை அறிந்து விலகுக. கடவுள் உறையும் இடத்தில் தொழுது செல்வதன்றி வீணே இசைக்கருவிகளைத் தொடாதொழிக. இரவில் மலைக்குகையில் உம்முடைய இல்லத்திற் போலத் தங்குக என மேலும் பல கூறப்படுகின்றன. காட்சியில் மயங்கி நடத்தலாகாது என்னும் எச்சரிக்கையும் உண்டு. இயற்கை வருணனைக்கு இலக்கியமாகக் காட்டப்படும் ஒரு பாட்டே, அவ்வியற்கையை நோக்கியவாறு நடந்தால் கால் இடறும் என்று கூறுதல் கருதத்தக்கது.

வழி தவறினால் செய்யத்தக்கதையும் புலவர் கூறுகின்றார். பாறைமேல் அமர்ந்து கருவிகளை இசைத்தால், வெள்ளத்தில் அகப்பட்டாரின் கூக்குரல் கேட்டு ஓடிவருவாரைப்போலக் கானவர் விரைந்து வருவர். பசிதீரக் கனி தந்து, அச்சம் நீங்க உடன் வந்து, உரிய நெறியிற் செலுத்துவர். தொடக்கத்திற் சுமையாகத் தோன்றிய கருவிகளே இங்கு உயிர் காக்கும் துணையாகின்றன. பாட்டின் பகுதிகள் தம்முள் இயைந்து நிற்றலுக்கு இதுவே போதிய சான்றாகும்.

இதன்பின் மலையின் ஓசைகள் தொகுத்துக் கூறப்படுகின்றன. பாட்டுக்குப் பெயர் தந்த பகுதி இது. அருவியின் முழக்கம், தேன் அழித்தோரின் ஆரவாரம், கிளி ஓப்புவோரின் தட்டையொலி, கரும்பாலையின் இரைச்சல், தினை குற்றுவோரின் வள்ளைப்பாட்டு என அவை விரிகின்றன. இவற்றை வெறும் அடுக்கு என்று கருதுவோர் உளர். குறுகிய பள்ளத்தாக்கில் கண்ணுக்கு எட்டாததைச் செவியே அறிவிக்கும் என்பதை அவர் எண்ணுவதில்லை. எங்கே நீர் உண்டு, எங்கே ஊர் உண்டு, எங்கே இடர் உண்டு என்பதை நடப்பவன் ஓசையாலேயே அறிகின்றான். அவ்வோசைகளினிடையே துயரமும் கலந்துள்ளது. புலியாற் புண்பட்ட கணவனின் நோவு ஆறப் பாடும் மலைமகளின் பாட்டும், கைதவறி விடரில் விழுந்த குட்டிக்காகப் புலம்பும் மந்தியின் ஓலமும் அங்குக் கேட்கின்றன. வழிச்செல்வோனுக்கு மலை வெறும் காட்சிப்பொருள் அன்று. பிறர் வாழ்ந்தும் வருந்தியும் இருக்கும் இடம் என்பதை இப்பகுதி உணர்த்துகின்றது.

இனி, வழியிடை விருந்து பற்றி நோக்குதல் தகும். மலைச்சிற்றூரார் தினைச்சோறும் ஊனும் தருவர். உறவினர் இல்லம்போலப் புகலாம். முல்லை நிலத்துக் கோவலர் பாலும் உணவும் தந்து, மயிர்த்தோற் படுக்கையும் குளிர்காயத் தீயும் உதவுவர். மருத நிலத்தாரும் அவ்வாறே ஓம்புவர். பின்னர்ச் சேயாற்றின் கரைவழியே நடந்தால் நன்னனது ஊரை அடையலாம். அரண்மனை விருந்தும் பரிசிலும் பாட்டின் இறுதியில் மிகச் சிறிய பகுதியாகவே வருகின்றன. அவையும் ஏனைய ஆற்றுப்படைகளிற் காணப்படும் மரபு பற்றியனவே. பெரும்பாணாற்றுப்படையிலும் சிறுபாணாற்றுப்படையிலும் வழியிடை விருந்து உண்டு. எனினும் வழியின் ஏதத்தையும் அதினின்று காக்கும் மக்களையும் இத்துணை விரிவாகக் கூறுவது மலைபடுகடாமே.

ஈண்டு ஒரு தடை எழக்கூடும். யாம் நன்னனது கூத்தர் என்று கூறுமின் என்றன்றோ வழிகூறுவோன் கற்பிக்கின்றான்? அங்ஙனமாயின் மலைமக்கள் தரும் உணவு மன்னனுக்கு அஞ்சித் தரும் உணவாகாதோ? இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும், அஞ்சித் தருவோர் உறவுமுறை கூறி வரவேற்பதில்லை. வழி தவறியோரின் இசை கேட்டவுடன், அவர் யார் என்று அறியுமுன்னரே கானவர் ஓடிவருவதும் இல்லை. மன்னன் பெயர் கதவைத் திறக்கின்றது. உள்ளிருப்போரின் பண்பே உணவிடுகின்றது. தன் நாட்டினூடே அறியாதான் ஒருவன் அச்சமின்றி நடக்கலாம் என்பதைவிட ஓர் அரசனுக்குப் பெரும்புகழ் வேறு யாது? அவ்வாறாயின் நன்னனைப் பாடுதற்குப் புலவர் மலைவழியைப் பாடியது முற்றும் பொருந்துவதேயாம்.

பாட்டிற் குறை இல்லை என்று கூறுவதற்கில்லை. விறலியரின் பாதநோவை உணர்ந்து பாடிய புலவர், அவர்தம் வாய்ச்சொல் ஒன்றையேனும் கேட்பித்தாரல்லர். வழி முழுவதும் ஆடவனின் குரலே ஒலிக்கின்றது. நடையாத்திரையில் பெண்கள் முன்னின்று செல்வதைக் காணும் இக்கரையோர மாணவர் இக்குறையை எளிதில் உணர்வர்.

மலைவழி பற்றிய மற்றொரு நூலோடு இதனை ஒப்பிடல் பயன் தரும். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, இந்துக்கள் சிவனொளிபாத மலை என்றும் முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் போற்றும் மலைக்கு ஏறியதைத் தம் பயணநூலிற் கூறியுள்ளார். ஆரியச்சக்கரவர்த்தி அவருக்குச் சிவிகை ஈந்து, நான்கு யோகியரையும் மூன்று பிராமணரையும் துணையாக்கி, உணவு சுமக்க 15 பேரையும் அனுப்பினான். ஏறுவோர் பற்றிக்கொள்ளும் இருப்புச் சங்கிலிகள், இரவு தங்கும் குகைகள், கடிக்கும் அட்டையின்மேற் பிழிய எலுமிச்சம்பழம் வைத்திருத்தல் ஆகியன அந்நூலில் இடம்பெறுகின்றன. இத்தீவின் மக்கள் பிற சமயத்தாராயினும் முஸ்லிம் யாத்திரிகரைத் தம் இல்லத்தில் ஏற்று, மனைவி மக்களோடு இருத்தி உணவளிப்பர் என்றும் அவர் எழுதியுள்ளார். அவர் நூல் தாம் கண்டதைக் கூறுவது; மலைபடுகடாம் இனிச் செல்வோன் காணவேண்டியதைக் கூறுவது. முன்னதில் பயணியே தலைவன்; பின்னதில் வழிகூறுவோன் தன்னை மறைத்துக் கேட்போனை முன்னிறுத்துகின்றான். இவ்வேறுபாடு இருப்பினும், வழியைக் கடப்பிப்பது வழியோரத்து மக்களின் அன்பே என்பதில் அரபு மொழிப் பயணியும் சங்கப் புலவரும் ஒன்றுபடுகின்றனர்.

அவ்வன்பு குன்றியவிடத்து வழியும் அடைபடும் என்பதற்கு இக்கரையோரமே சான்று. 1983ஆம் ஆண்டின் வன்செயல்களின் பின் கதிர்காம நடையாத்திரை தடைப்பட்டது. 1988இல் மீண்டும் தொடங்கிற்றாயினும், 2009இல் போர் முடியும்வரை அதன் போக்கு இடர் மிகுந்ததாகவே இருந்தது. அக்காலத்தில் இங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் அடுத்த ஊரின் எல்லையைக் கடக்கவும் அஞ்சிய நாட்கள் பல. நூற்றாண்டுகளாக மிதிபட்ட பாதை சில ஆண்டுகளில் அச்சத்தின் பாதையாயிற்று. இன்று யாத்திரிகர் மீண்டும் நடக்கின்றனர். கோயில் மண்டபங்களில் அவர்க்கு அன்னம் இடப்படுகின்றது. முஸ்லிம் ஊர்களின் வீதியோரத்திலும் தண்ணீரும் குளிர்பானமும் கொடுத்து வழியனுப்புவோர் உளர். கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்தைக் காணச் செல்லும் இந்துக்களும், கதிர்காமத்துப் பள்ளிவாசலுக்குச் செல்லும் முஸ்லிம்களும் இவ்வழியை அறிந்தவரே.

மலைபடுகடாத்தில் ஓர் அறிவுரை எளிதிற் கவனிக்கப்படாமற் போகின்றது. பல வழிகள் கூடும் சந்தியை அடையும்போது, அவ்விடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்க என்பது அது. முன் அறியாத நிலத்திற் புதியராய் நடப்போருக்கே இவ்வறிவுரை கூறப்படுகின்றது. அவர்க்குத் தம் வழியே இன்னும் முற்றும் தெரியாது, பசி தீரவில்லை, பரிசிலும் கிட்டவில்லை. எனினும் பின்னால் வருவான் ஒருவன் உளன் என்பதை அவர் அப்பொழுதே நினைத்தல் வேண்டும். பரிசில் பெற்றபின் ஈதல் எளிது. நடுவழியில், தானும் தேடுவோனாய் இருக்கும்போது பிறர்க்கு வழி குறித்தலே அரிது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை முழுவதன் கருத்தும் இவ்வொரு செயலில் அடங்கியுள்ளது.

இப்பாட்டைக் கற்கும் மாணவர் அருஞ்சொற்பொருளோடும் அணிநலத்தோடும் நின்றுவிடாது, இச்சிறு செயலையும் உளங்கொள்வாராக. ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் செய்ததும் அதுவே. அவர் முடிந்து வைத்த புல்லைக் கண்டே பின்வந்தோர் பெருங்கௌசிகனாரின் மலைவழியை அடைந்தனர். அவ்வழியே நடப்போரும் தம் பங்குக்கு ஒரு முடிச்சு இட்டுச் செல்லக் கடமைப்பட்டவராவர்.