அசல் மட்டும் அனுப்பியவன்

போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே ஐ.சி.யூ.வில் தூரத்து உறவினர் ஒருவர். வாழ்நாள் முழுக்க வட்டிக்குக் கொடுத்து, கறாராக வசூலித்தவர். பக்கத்திலிருந்த பெரியப்பா மெதுவாகச் சொன்னார்: ''வினை விதைச்சான், அறுக்கிறான்.'' நாலு பேர் தலையாட்டினோம். நானும்தான். திரும்பினால், காபி ஃபிளாஸ்க்கோடு அவருடைய மகள் நிற்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அலமாரியில் தேடி எடுத்த புத்தகம், தாமஸ் ஹார்டியின் 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்'. 1886-ல் வந்த நாவல். நான் பி.காம். படித்த கிறிஸ்துவக் கல்லூரியில், ஆங்கில வாத்தியார் இதை நடத்தும்போது பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தைத்தான் விளக்க உரையாக வைத்துக்கொள்வார். ஆறாம் அதிகாரம், 7-ம் வசனம். விதைத்ததைத்தான் அறுக்க முடியும் என்கிற வசனம். எங்கள் அக்கவுன்டன்ஸி மூளைக்கு அது சட்டென்று பிடித்துப்போனது. ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட்! இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த முறை படித்தபோது கணக்கு டேலி ஆகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த வாரம். (முடிவையும் சொல்லிவிடுவேன். சஸ்பென்ஸ் வேண்டுபவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.)

மைக்கேல் ஹென்சார்ட் வைக்கோல் கட்டும் கூலித் தொழிலாளி. வயது 21. மனைவி சூசன், கைக்குழந்தையோடு ஒரு சந்தைக்கு வருகிறான். ஒரு கூடாரத்தில் கோதுமைக் கஞ்சி விற்கிற கிழவி, காசு வாங்கிக்கொண்டு அதில் ரம் கலந்து கொடுக்கிறாள். போதை ஏறியதும் மனைவியை ஏலம் விடுகிறான். நியூசன் என்கிற மாலுமி ஐந்து கினிக்கு எடுக்கிறான். ஐந்து பவுண்டு நோட்டுகள், மேலே ஐந்து ஷில்லிங். குழந்தையும் கூடப் போகிறது. ஹார்டி கற்பனையில் பிடித்ததல்ல இது. அந்தக் கால இங்கிலாந்துக் கிராமங்களில் மனைவியை விற்றதாகப் பழைய பத்திரிகைகளில் செய்திகள் உண்டு. அவற்றைப் படித்துத்தான் எழுதினார்.

மறுநாள் தெளிந்ததும் ஹென்சார்ட் தேவாலயத்தில் சத்தியம் செய்கிறான். 21 வருடம் குடியைத் தொடமாட்டேன், வாழ்ந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வருடம். அதைக் காப்பாற்றவும் செய்கிறான். தானிய வியாபாரியாகி, அந்த ஊருக்கே மேயராகிறான். 18 வருடம் கழித்து சூசன், வளர்ந்த பெண்ணோடு வந்து நிற்கிறாள். அவன் அவளுக்கு ஒரு கடிதம் எழுதி, உள்ளே பணம் வைக்கிறான். எவ்வளவு தெரியுமா? ஐந்து பவுண்டு. அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவன் போல ஐந்து ஷில்லிங். விற்ற அதே விலை!

எனக்கு நாவலிலேயே பெரிய இடம் இதுதான். மனிதன் அசலை மட்டும் திருப்பி அனுப்புகிறான். வட்டியைப் பற்றி அவனுக்கு யோசனையே இல்லை. மிச்சப் புத்தகம் பூராவும் அந்த வட்டி வசூல்தான்.

வியாபார விஷயங்களில் ஹார்டி கெட்டிக்காரர். மேயர் விற்றது மழையில் முளைவிட்ட கோதுமை. அதில் ரொட்டி சரியாக வராமல் ஊரே கத்துகிறது. கெட்டதை நல்லதாக்க யாராலும் முடியாது என்கிறான் அவன். வழிப்போக்கனாக வந்த ஸ்காட்லாந்து இளைஞன் ஃபார்ஃப்ரே, முழுசாக இல்லாவிட்டாலும் பெருமளவு சரிசெய்யலாம் என்று காட்டிக்கொடுக்கிறான். அவனையே மேனேஜராக வைத்துக்கொண்டு, பிறகு பொறாமையில் துரத்தி, போட்டிக்கு நிற்கிறான் ஹென்சார்ட். ஒரு குறிசொல்லி, அறுவடைக் காலத்தில் மழை கொட்டும் என்கிறான். அதை நம்பிக் கடன் வாங்கித் தானியம் குவிக்கிறான் நம் ஆள். வெயில் அடிக்கிறது, விலை சரிகிறது, நஷ்டத்துக்குத் தள்ளிவிடுகிறான். விற்று முடித்ததும், பாழாய்ப்போன மழை வருகிறது!

இது எந்தப் பாவத்தின் சம்பளம்? அவசரப் புத்தி, சரி. ஆனால் வானம் இரண்டு வாரம் முந்தியிருந்தால் அதே அவசரப் புத்தி அவனைக் கோடீஸ்வரனாக்கியிருக்கும். விதைப்பு-அறுப்பு உவமையைச் சுலபமாக எடுத்துவிடுகிற நாமெல்லாம் நகரத்துக்காரர்கள். நிஜமாகவே விதைப்பவர்களைக் கேளுங்கள். விதைச்சதையெல்லாம் அறுத்துட்டா நான் ஏன் சார் பேங்க்ல வந்து நிக்கிறேன் என்பார்கள்.

இனி மற்றவர்கள் கணக்கு. கஞ்சியில் ரம் கலந்த கிழவிக்கு என்ன ஆனது? ஒன்றுமில்லை. பிற்பாடு கோர்ட்டில், நீதிபதி நாற்காலியில் இருக்கிற ஹென்சார்டைப் பார்த்து, அன்றைக்குப் பெண்டாட்டியை விற்றவன் இவன்தான் என்று போட்டு உடைக்கிறாள். விலை கொடுத்து வாங்கிய நியூசன்? நாவலின் கடைசியில் மகள் கல்யாணத்தில் உற்சாகமாக ஆடிக்கொண்டிருக்கிறான். லுசெட்டா என்றொரு பெண், ஹென்சார்டை ஒரு காலத்தில் நேசித்ததுதான் அவள் குற்றம். ஊர் அவள் உருவத்தைப் பொம்மையாகச் செய்து ஊர்வலம் விட, அந்த அதிர்ச்சியில் செத்தே போகிறாள். கடிதங்களைப் படித்துக்காட்டி அதைக் கிளப்பிவிட்டவனுக்குத் தலைவலி கூட வரவில்லை. எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

நாவலில் குறை இல்லாமல் இல்லை. தற்செயல்கள் ரொம்ப அதிகம். காணாமல் போனவர்கள் சொல்லி வைத்தாற்போல் கதவைத் தட்டுகிறார்கள். வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. வாராவாரம் ஒரு சம்பவம் வைக்கப் போய்க் கதையின் உருவத்தைக் கெடுத்துக்கொண்டதாக ஹார்டியே பிற்பாடு வருத்தப்பட்டிருக்கிறார். (வாரா வாரம் எழுதுகிறவனுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.) சூசனுக்கும் கொஞ்சம் உயிர் கொடுத்திருக்கலாம்.

ஆனால் என் வாத்தியார் செய்த தவறை ஹார்டி செய்யவில்லை. விதைத்தவன் அறுத்தே தீருவான் என்று நிரூபிக்க அவர் எழுதவில்லை. ஹென்சார்ட் தன்னைத் தானே தண்டித்துக்கொள்ளும் வேகத்தைத்தான் காட்டுகிறார். திவாலானபோது, பாக்கெட்டிலிருந்த தங்கக் கடிகாரத்தையும் கடன்காரர்கள் முன் எடுத்து வைக்கிறான். அவர்கள் வேண்டாம் என்கிறார்கள். விற்று, கஷ்டத்தில் இருந்த ஒரு சின்னக் கடன்காரனுக்குப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

கலாத்தியரையும் எடுத்துப் பார்த்தேன். அந்த 7-ம் வசனம், ஏமாந்துவிடாதீர்கள் என்று கேட்பவர்களைப் பார்த்துச் சொன்ன எச்சரிக்கை. அடுத்த வீட்டு லெட்ஜரைப் புரட்டச் சொன்ன அனுமதி அல்ல. அதே அதிகாரத்தில், ஐந்தே வசனம் முன்னால், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கச் சொல்கிறார் பவுல். எங்கள் காலேஜில் இதை யாரும் போர்டில் எழுதிப்போட்டதில்லை. வராந்தாவில் நின்ற நாங்கள் யாரும் அந்தப் பெண்ணின் ஃபிளாஸ்க்கைக்கூட வாங்கிப் பிடிக்கவில்லை.

கடைசிக் கட்டம். கூண்டில் ஒரு குருவியைப் பரிசாக எடுத்துக்கொண்டு வளர்ப்பு மகள் கல்யாணத்துக்குப் போன ஹென்சார்ட், அவள் முகம் திருப்பியதும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுகிறான். ஏபெல் விட்டில் என்கிற அப்பாவித் தொழிலாளி பின்னாலேயே போகிறான். வேலைக்குத் தாமதமாக வந்ததற்காக, ஒரு காலத்தில் கால்சட்டைகூட இல்லாமல் அவனைத் தெருவில் ஓடவிட்டவன் ஹென்சார்ட். ஆனால் விட்டிலின் அம்மாவுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க அடுப்புக்கரியும் மூக்குப்பொடியும் கொடுத்தவனும் அவன்தான். நாவலின் நடுவில் ஒரே வரியில் வந்துபோகிற தகவல். முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை.

பொட்டல் குடிசையில் சாகும்வரை விட்டில்தான் கூட இருக்கிறான். யாரும் தன்னை நினைக்கக் கூடாது என்று ஹென்சார்ட் எழுதிவைத்த உயிலைத் தேடிவந்தவர்களிடம் கொடுப்பதும் அவன்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விட்டிலுக்குத் தெரியாது. அவனுக்குப் படிக்கத் தெரியாது.