பாலியல் கல்வி: ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?

திண்டிவனம் பக்கத்தில் பத்து வயதுகூட ஆகாத அக்கா, தங்கை இருவரைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கு 2019-ல் வெளியே வந்தது. 2021 ஜனவரியில் விழுப்புரம் நீதிமன்றம் 15 பேருக்குத் தலா 20 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. குற்றவாளிகள் முகம் தெரியாத ஆட்கள் இல்லை. சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வி கட்டாயமா என்ற கேள்வியை இந்த வழக்கை வைத்துத்தான் பார்க்கணும். "அதெல்லாம் வீட்டில் சொல்லிக்கொடுக்கிற விஷயம்" என்பது வழக்கமான வாதம். ஆபத்தே சொந்தபந்தத்துக்குள் இருந்தால் யார் சொல்லிக்கொடுப்பது? மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்து 2007-ல் வெளியிட்ட ஆய்விலும், பாலியல் தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அது நம்பியவர்கள்.

அதே 2007-ல்தான் நம் விவாதமும் தடம் மாறியது. மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்பி மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் எல்லாம் தடை போட்டன. 2009-ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே வேண்டாம், சில பாடங்களை பிளஸ் டூ உயிரியலில் வைத்தால் போதும் என்றது. சண்டை முழுக்க வளர்ந்த பிள்ளைகளைப் பற்றித்தான். இரண்டாம் வகுப்புக் குழந்தை இரண்டு தரப்புக் கணக்கிலும் வரவில்லை. ஒன்பதாம் வகுப்புக்காகக் காத்திருக்காமல் சின்ன வயதிலேயே தொடங்கணும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2025 அக்டோபர் ஆகிவிட்டது.

அந்த வயதில் என்ன சொல்லித்தர? யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி ஐந்து வயதிலிருந்தே தொடங்குகிறது. அதை அப்படியே காப்பியடிக்க வேண்டாம். மூணு விஷயம் போதும்: உடல் உறுப்புகளுக்கு வெட்கப்படாத பெயர்கள், பெரியவர்களிடமும் "வேண்டாம்" சொல்லலாம் என்ற தைரியம், யாரிடம் போய்ச் சொல்லணும் என்ற தெளிவு.

இதனால் பலன் உண்டா? 2015-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 24 ஆய்வுகளை அலசியது. பிள்ளைகளின் அறிவும் தற்காப்புத் திறனும் கூடின, பயம் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் கொடுமை நடப்பதே குறைந்தது என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. இதை மறைக்கக் கூடாது. ஒரு பெரிய ஆளைத் தடுக்கும் பொறுப்பை ஏழு வயசுப் பிள்ளை தலையில் கட்டுவது நியாயமும் இல்லை. பாடம் செய்யக்கூடியது, குழந்தை சீக்கிரம் வாய் திறக்க உதவுவது. மாசக்கணக்கில் நடக்கிற கொடுமைக்கு அதுவே பெரிய வித்தியாசம்.

வருஷத்துக்கு ஒருநாள் "குட் டச், பேட் டச்" சொல்லி போட்டோ எடுத்துப் போவதால் இது நடக்காது. மிட்டாய் வாங்கித் தருகிற மாமாவின் தொடுதலை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று குழந்தைக்குத் தெரியாது. வகுப்பு ஆசிரியரே வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பேசணும். குழந்தை சொன்னால் அடுத்து என்ன செய்யணும் என்பது அவருக்கும் தெரியணும்: போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி புகார் கொடுப்பது கட்டாயம், 1098 இருக்கிறது.

அதனால் கட்டாயம் வேணும் என்பதே என் முடிவு. பெற்றோர் விருப்பப்பட்டால் மட்டும் என்று வைத்தால், எந்த வீட்டுக் குழந்தைக்கு இது மிகவும் தேவையோ அந்தக் குழந்தைதான் அன்றைக்கு வகுப்பில் இருக்காது.