ஆறு கட்டளை விமரிசனம்

1986-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் அமெரிக்கக் கம்ப்யூட்டர் சஞ்சிகையில் ஒரு விமரிசனம் வந்தது. இலக்கிய விமரிசனம் எழுதுகிறவர்களும் படிக்க வேண்டியது அது என்பது என் அபிப்பிராயம்.

அதில் ஒரு பகுதியை நடத்திவந்த ஜான் பென்ட்லி, ஒரு நூலில் அடிக்கடி வரும் சொற்களை எண்ணித் தரும் புரோகிராம் ஒன்றை டொனால்ட் கனூத்திடம் கேட்டார். புரோகிராமையும் கட்டுரை போல், மனிதர் படிக்கும்படி எழுதவேண்டும் என்ற கொள்கை கனூத்துக்கு. பல பக்கங்களில் எழுதிக் கொடுத்தார். விமரிசிக்க வந்த பெல் லாபரட்டரி டக் மக்கில்ராய், அவர் கைத்திறனைப் பாராட்டிவிட்டு, அதே காரியத்தை ஆறே கட்டளைகளில் செய்து காட்டிவிட்டார்.

எழுத்தல்லாததையெல்லாம் வரிமுறிவாக்கு, பெரிய எழுத்தைச் சின்னதாக்கு, வரிசைப்படுத்து, ஒரே மாதிரியானவற்றை எண்ணு, எண்ணிக்கைப்படி மறுபடி அடுக்கு, கேட்ட அளவோடு நிறுத்து. ஒன்று தருவதை அடுத்தது வாங்கிக்கொள்ளும். இந்தக் குழாய் ஏற்பாடு யூனிக்ஸில் 1973-இல் வந்தது, யோசனை மக்கில்ராயுடையதுதான்.

ஜயித்தவர் மக்கில்ராய் என்பார்கள். எனக்கு முழுச் சம்மதமில்லை. கனூத்திடம் கேட்டது அவர் எழுதும் முறைக்கு ஓர் உதாரணம். கச்சேரிக்கு அழைத்துவிட்டு, பாட்டின் கருத்தை இரண்டு வரியில் சொல்லியிருக்கலாமே என்பது எந்த ஊர் நியாயம்? ஆனால் நல்ல கருவிகள் தயாராக இருக்கும்போது எல்லாவற்றையும் அடியிலிருந்து செய்வது வீண் சிரமம் என்ற அவர் கட்சியைத் தள்ள முடியாது.

என் நாவல் ஒன்றை அந்தக் கட்டளைகளிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு வெற்று வரிதான் மிஞ்சிற்று. அவற்றுக்கு எழுத்து என்றால் ஏ முதல் இஸட் வரை. என் முந்நூறு பக்கமும் எழுத்தே அல்ல! முதல் கட்டளையை மாற்றி, இடைவெளி கண்ட இடத்தில் வெட்டச் சொன்னேன். 'வீடு', 'வீட்டில்', 'வீட்டை' மூன்றும் வேறு வேறு சொற்களாக வந்தன. வந்தால் என்ன? 'ஒரு', 'அந்த' இவற்றுக்குக் கொஞ்சம் கீழேயே 'மெல்ல' நின்றது. 'மெல்லச்' தனிக் கணக்கு. என் மனிதர்கள் எல்லோரும் மெல்ல எழுந்து, மெல்லச் சிரித்திருக்கிறார்கள். எந்த விமரிசகரும் சொல்லாத குற்றம் இது.

அடுத்த பதிப்பில் பாதியை எடுத்துவிட்டேன். மீதி அந்தந்த இடத்தில் வேண்டித்தான் இருந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்க மட்டும் முந்நூறு பக்கத்தையும் உட்கார்ந்து படிக்கவேண்டியிருந்தது.