எடையும் செய்கூலியும்

பழைய நகையை விற்கப் போனால் கடைக்காரர் செய்கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தங்கத்துக்கு மட்டுமே காசு. ஜேன் சீமோரின் பொற்கிண்ணத்துக்கும் அதுவே நேர்ந்தது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1536 மே 30 அன்று ஜேனை மணந்தார். அந்தப் புது ராணிக்கான கிண்ணத்துக்கு வடிவம் வரைந்து கொடுத்தவர் ஹான்ஸ் ஹோல்பைன். 1625-இல் முதலாம் சார்ல்ஸ் காலத்தில் கிண்ணம் அடகுக்குப் போனது, 1629-இல் உருக்கிவிட்டார்கள். ஹோல்பைன் வரைந்த தாள் மட்டும் தப்பி, ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்படியோர் ஓவியத்தைப் பார்த்ததும் வாயில் வருவது, ‘அடேயப்பா, என்ன நுணுக்கம்!’ என்பதுதான். அந்த வியப்பைப் பழிக்க வேண்டியதில்லை; ஓடும் கண்ணை அது நிறுத்துகிறது. நின்ற கண்ணுக்குத்தான் உச்சியில் கிரீடமும் அதன்கீழ் இரு சிறுவர்களும், தொங்கும் முத்துகளும், வட்டங்களிலிருந்து எட்டிப்பார்க்கும் தலைகளும், முடிச்சில் பிணைந்த ஹென்றி, ஜேன் முதலெழுத்துகளும் தென்படும். ‘பணிந்து சேவிக்கக் கடமைப்பட்டவள்’ என்னும் ராணியின் விருதுவாக்கும் அப்போதுதான் கண்ணில் படும். முந்தைய ராணி ஆன் போலின் தலை வெட்டுண்ட 11-ஆம் நாள் நடந்த கல்யாணம் இது என்று அறிந்தவருக்கு அந்த வாசகம் சுருக்கென்று தைக்கும்.

வியப்பு எண்ணிக்கையாக மாறும்போதுதான் ரசனை பிசகுகிறது. இத்தனை சுருள், இத்தனை முத்து, எத்தனை நாள் உழைப்போ என்று கூட்டிப் பார்ப்பது நகையைச் செய்கூலியால் மட்டும் மதிப்பதற்குச் சமம். ஹோல்பைனின் திறமை நெருக்கமான வேலைப்பாட்டை அடக்கி ஆண்டதில் தெரிகிறது. கிண்ணத்தை அடுக்கடுக்கான பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் அலங்காரத்துக்கு வரம்பு கட்டினார். தள்ளி நின்றால் ஒற்றை உருவம். கிட்டே போனால் திருவிழாக் கூட்டம்.

பொற்கொல்லர் செய்ய வேண்டியதற்கான வரைவு இது என்பதும் நம் மெச்சுதலில் மறந்துபோகிறது. தாளில் கனம் தெரியாது, பின்பக்கம் தெரியாது. கையில் எடுத்தால் தலைப்பாரம் இழுத்திருக்குமோ என்ற ஐயம் அந்தக் கிரீடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுகிறது. கோட்டின் அழகு பாண்டத்தின் குறையை மூடிமறைக்கவும் வல்லது.

உருக்கியவர்கள் எடையைப் பார்த்தார்கள். நாம் செய்கூலியைப் பார்த்துச் சொக்குகிறோம். இரண்டுக்கும் பிடிபடாத வடிவத்தைத்தான் அந்தத் தாள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பொத்திவைத்திருக்கிறது.